குளிர்கால விடுமுறையில் குடும்பத்தோடு ஓர் அமைதியான நாள்: நீங்கள் எப்படி அமைக்கிறீர்கள்?

அந்திமாலை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். இந்தக் குளிர்கால விடுமுறையில் முழுக் குடும்பமும் ஒன்றாக இருக்கும்படி எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் வாய்த்திருக்கிறது. எழுபதைத் தாண்டிய என் மாமியார், எட்டு வயது மகள், நடை பழகிக்கொண்டிருக்கும் மகன், தன் அறையை விட்டு வெளியே வருவதையே நமக்குச் செய்யும் சலுகையாக நினைக்கும் கொழுந்தனார் மகன் என்று வீட்டில் எல்லா வயதினரும் இருப்பார்கள். நெடுந்தூரப் பயணம் வேண்டாம், நுழைவுச் சீட்டுக்காக வரிசையில் நிற்க வேண்டாம் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அதற்கு அப்பால்தான் பேச்சு நகரவில்லை.

என் கணவர் காலை முதல் இரவு வரை பட்டியல் போட்டுவிட்டார்: ஏரிக்கரையில் நடை, பிறகு நூலகம், பிறகு ஒரு கண்காட்சி, மாலையில் உறவினர் வீடு. அதைப் படிக்கும்போதே எனக்குக் கால் வலிக்கிறது. எதையும் திட்டமிடாமல் விட்டால் ஆளுக்கொரு திரையைப் பார்த்தபடி பொழுது போய்விடும் என்பது அவர் வாதம். அதை மறுக்கவும் முடியவில்லை. ஓடிக் களைக்காமலும் வெறுமனே கரைந்து போகாமலும் ஒரு குளிர்கால நாளைக் கழிக்கத் தெரிந்தவர்கள் தங்கள் வழக்கத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

நண்பகல்

வணக்கம், அந்திமாலை அவர்களே. உங்கள் கணவரின் பட்டியலில் நான்கு இடங்கள் இருப்பதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது கோடைக்காலத்தின் பட்டியல். குளிர்காலத்தில் நம் கையில் இருக்கும் வெளிச்சம் எவ்வளவு என்று முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். பூமியின் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருப்பதால், வட அரைக்கோளத்தில் டிசம்பர் 21 அல்லது 22ஆம் நாள் பகல் மிகக் குறுகிவிடுகிறது. நிலநடுக்கோட்டிலிருந்து 10 பாகை தள்ளி வசிப்பவருக்கு அன்றும் பதினொன்றரை மணி நேரப் பகல் இருக்கும். 40 பாகையில் அது சுமார் ஒன்பது மணி இருபது நிமிடமாகவும், 50 பாகையில் எட்டு மணி நேரமாகவும், 60 பாகையில் ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகவும் சுருங்கிவிடும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, அதே பட்டியல் ஒருவருக்கு நிதானமான நாளாகவும் இன்னொருவருக்கு இருட்டில் முடியும் ஓட்டமாகவும் ஆகிவிடும்.

இருக்கும் வெளிச்சமும் முழுதாக நமக்குப் பயன்படுவதில்லை. தெளிந்த வானம் உள்ள நாளில் சூரியன் உதித்ததை ஒட்டிய நேரம்தான் மிகவும் குளிரானது. நண்பகல் கடந்து இரண்டு மணி நேரம் ஆன பிறகுதான் காற்று தன் உச்ச வெப்பத்தை எட்டும். அதனால் நான் எப்போதும் பகல் பதினொன்றுக்குக் கிளம்பி இரண்டரைக்குள் வீடு திரும்பும்படி ஒரே ஒரு வெளிப்பயணத்தை வைத்துக்கொள்வேன். காலையும் மாலையும் வீட்டுக்குரியவை. குளிரில் ஒரு சுற்று நடந்துவிட்டு வருபவருக்குத்தான் வீட்டின் கதகதப்பு கதகதப்பாகத் தெரிகிறது. வெளியே போகாமல் இருந்தவருக்கு அது வெறும் அறை.

உங்கள் மகளுக்கு ஒரு விளையாட்டு: 40 பாகை அட்சரேகையில் குளிர்காலக் கதிர்த்திருப்ப நாளன்று, அதாவது பகல் மிகக் குறுகிய அந்த நாளில், நண்பகல் வெயிலில் நின்றாலும், நம் நிழல் நம் உயரத்தைப் போல இரு மடங்கு இருக்கும். உங்கள் ஊரில் எவ்வளவு இருக்கிறது என்று அவளையே காலடியால் அளக்கச் சொல்லுங்கள். பூமி சூரியனை விட்டு விலகிப் போனதால்தான் குளிர்கிறது என்று அவள் சொன்னால், ஜனவரித் தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்ற செய்தியைச் சொல்லிப் பாருங்கள். கால் மணி நேரமாவது விவாதம் நடக்கும்.

வீட்டுக்கணக்கு

நண்பகல் அவர்கள் வெளிச்சத்துக்குக் கணக்குப் போட்டுவிட்டார். உழைப்புக்கு யார் கணக்குப் போடுவது என்று கேட்கத்தான் வந்தேன்.

எளிய மகிழ்ச்சி என்று பேசுவது எளிது. நடை பழகும் குழந்தையைக் குளிரில் வெளியே அழைத்துப் போவதில் எளிமை எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். உள்ளுடை, காலுறை, கம்பளிச் சட்டை, மேலங்கி, குல்லா என்று அடுக்கடுக்காக அணிவித்து முடிக்கும்போது ஒரு கையுறை மட்டும் காணாமல் போயிருக்கும். அதைச் சோபாவுக்கு அடியிலிருந்து எடுத்து வருவதற்குள் பெரியவள் வியர்த்துக்கொண்டு வாசலில் நின்று முணுமுணுப்பாள். எல்லாம் முடிந்து கதவைத் திறந்ததும் சின்னவனுக்குக் கழிப்பறை போக வேண்டியிருக்கும். திரும்பி வந்தால் ஈரக் காலணி, சேற்றுத் தரை, உலர்த்த வேண்டிய துணி, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் எடுக்கும் பசி. வெளியே இருந்தது முக்கால் மணி நேரம் என்றால், அதற்கு முன்னும் பின்னும் ஒருவர் உழைத்தது இரண்டு மணி நேரம். அந்த ஒருவர் யார் என்பதைப் பெரும்பாலான வீடுகளில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு அமைதியான நாளாக அமைந்தது அவருக்கு வேலைநாளாகவே முடிகிறது.

ஆகவே, அந்திமாலை அவர்களே, எங்கே போவது என்று தீர்மானிப்பதற்கு முன்னால் யார் எதைச் செய்வது என்று தீர்மானியுங்கள். எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு: வெளியே போகலாம் என்று முன்மொழிகிறவரே திரும்பி வந்த பின் உள்ள வேலைக்கும் பொறுப்பு. இந்த விதி வந்த பிறகு முன்மொழிவுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. வருபவையும் நல்ல முன்மொழிவுகளாக இருக்கின்றன. முதல்நாள் இரவே ஒவ்வொருவரின் உடுப்பும் தனித்தனிக் குவியலாக வாசலருகே வைக்கப்பட வேண்டும். நனைந்த காலணிக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, தாள் ஈரமானதும் மாற்றினால் மறுநாளைக்கு உலர்ந்துவிடும். தோல் காலணியைச் சூட்டடுப்பின் அருகே வைத்தால் வெடித்துவிடும். காலணி உலர்த்தும் இந்த வேலை பதின்ம வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே வரும்.

அந்திமாலை

வீட்டுக்கணக்கு அக்கா, உங்கள் பதிவை என் கணவரிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். பட்டியலில் இருந்து கண்காட்சியை அவரே அடித்துவிட்டார். உறவினர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார்.

ஓய்வுபெற்ற செவிலி

மாமியாரையும் குழந்தையையும் பற்றி மட்டும் சில சொற்கள். வயது ஏற ஏற, குளிரை உணரும் திறன் மங்குகிறது. எனக்கு ஒன்றும் குளிரவில்லை என்று பெரியவர்கள் சொல்வது பெருமைக்காக மட்டுமல்ல, உண்மையிலேயே தெரியாமலும் இருக்கலாம். குளிரில் தோலுக்கு அருகிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் உயரும். ஆகவே இதய நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் குளிர்காற்றில் விரைந்து நடப்பதும் ஏறுவதும் கூடாது. தாக உணர்வும் அவர்களுக்குக் குறைவு என்பதால், கேட்காமலேயே சூடாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள்.

குழந்தையின் நிலை வேறு. உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோற்பரப்பு அதிகம். அதனால் வெப்பத்தைப் பெரியவர்களைவிட விரைவாக இழக்கிறது. அதோடு, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கும் நமக்கு உடல் சூடேறியிருக்கும். வண்டியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அந்தச் சூடு இல்லை. நமக்கு எப்படி இருக்கிறது என்பதை வைத்துக் குழந்தைக்குத் தீர்மானிக்கக் கூடாது. பிடரியில் விரல் வைத்துப் பாருங்கள். கை கால் சில்லிட்டிருப்பது இயல்பு, பிடரி சில்லிட்டிருந்தால் உடனே உள்ளே வந்துவிட வேண்டும். பிடரி வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள்.

காரில் போவதாக இருந்தால் இன்னொன்று. தடித்த மேலங்கியோடு குழந்தையை இருக்கையில் உட்காரவைத்துப் பட்டை மாட்டினால், மோதலின்போது அங்கியின் பஞ்சு அமுங்கிப் பட்டை தளர்ந்துவிடும். அங்கியைக் கழற்றி, பட்டையை உடலோடு ஒட்ட இறுக்கி, பிறகு அங்கியை மேலே போர்த்துங்கள்.

தம்பி17

அக்கா, உங்கள் கொழுந்தனார் மகனின் வயதில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். எங்களை அழைத்துப் போக வேண்டும் என்றால் வா என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு வேலையைக் கொடுங்கள். வழியைத் தேர்ந்தெடுப்பது, தொலைநோக்கியைச் சுமப்பது, ஃபிளாஸ்க்குக்குப் பொறுப்பேற்பது என எதுவாகவும் இருக்கலாம். ஃபிளாஸ்க்கில் முதலில் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்திருந்து, அதைக் கொட்டிவிட்டுப் பிறகு பானத்தை நிரப்பினால் சூடு நெடுநேரம் நிற்கும். ஜேம்ஸ் டூவர் 1892இல் இரட்டைச் சுவருக்கு நடுவே காற்றை நீக்கி உருவாக்கிய குடுவைதான் அது. அவர் அதைச் செய்தது குளிரூட்டப்பட்ட திரவ வாயுக்களைக் குளிராகவே வைத்திருப்பதற்காக. இதை அவனிடம் சொன்னால் ஆர்வம் காட்டாததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டுக்கொள்வான். படம் எடுக்கும்போது சிரிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம் என்பதையும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கிளைநோக்கி

ஏரிக்கரை என்றதும் எட்டிப் பார்த்தேன். நண்பகல் அவர்கள் சொன்ன நேரக் கணக்கோடு எனக்கு ஒரு சிறு முரண்பாடு உண்டு. மதியத்தில் நடந்தால் உடலுக்கு இதம்தான், ஆனால் குளிர்காலம் தன் சிறந்த காட்சிகளைக் காலையில் வைத்திருக்கிறது. மேகமற்ற, காற்றசையாத இரவில் புல்லும் இலையும் தங்கள் வெப்பத்தை வானத்தை நோக்கி வீசிவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து போகின்றன. அதனால்தான் வெப்பமானி இரண்டு பாகை காட்டும் காலையிலும் புல்நுனியில் உறைபனி படிந்திருக்கும். அவ்வளவு குளிர் இல்லாத ஊர்களில் அதே முறையில் பனித்துளி படியும். வெயில் ஏறிய அரை மணி நேரத்தில் எல்லாம் மறைந்துவிடும். ஒரு பூதக்கண்ணாடியோடு எட்டு வயதுப் பிள்ளையை வாசற்படியில் உட்கார வையுங்கள். இலையின் விளிம்பில் பனிப்படிகங்கள் வரிசையாக முள்முள்ளாக நிற்பதையும், நரம்புகளின் மேல் அவை அடர்ந்திருப்பதையும், இலைக்கு அடிப்புறம் ஈரமின்றி இருப்பதையும் அவள் தானாகவே கண்டுபிடிப்பாள். அதற்கு வாசற்படியைத் தாண்ட வேண்டியதே இல்லை. மாமியாரும் போர்வையோடு உடன் உட்காரலாம்.

பனி பெய்யும் இடத்தில் இருப்பவர்கள் ஒரு கறுப்புத் துணியை முன்கூட்டியே வெளியே வைத்துக் குளிரவிட்டு, அதில் பனிச்செதில்களை ஏந்திப் பாருங்கள். குளிராத துணியில் விழுந்த நொடியே உருகிவிடும். நீர் மூலக்கூறுகள் பனிக்கட்டியாக இணையும்போது அறுகோண வடிவில் அமைவதால் செதில்களுக்கு ஆறு கரங்கள் வருகின்றன. வில்சன் பென்ட்லி என்ற அமெரிக்க உழவர் 1885இல் நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தி ஒற்றைப் பனிச்செதிலைப் படம்பிடித்தார். வாழ்நாளில் அப்படி ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். அவரிடமும் ஒரு கறுப்புப் பலகைதான் இருந்தது.

நடைக்கு வருவோம். இலையுதிர்த்த மரங்கள் இருக்கும் ஊராக இருந்தால், கோடையில் நம் கண்ணுக்கு எட்டாமல் இருந்த கூடுகள் எல்லாம் இப்போது கிளைக்கவட்டில் வெளிப்படையாகத் தெரியும். பட்டுப்போனதுபோல் நிற்கும் கொம்பின் நுனியைத் தொட்டுப் பாருங்கள். அடுத்த வசந்தத்தின் மொட்டு சென்ற கோடையிலேயே உருவாகி, செதில்களால் மூடிக்கொண்டு காத்திருக்கும். ஏரியில் வாத்துகள் வெறுங்காலோடு உறைநீரில் நிற்பது குழந்தைகளுக்குக் கவலையாக இருக்கும். அவற்றின் காலில் கீழிறங்கும் சூடான இரத்தமும் மேலேறும் குளிர்ந்த இரத்தமும் அடுத்தடுத்த குழாய்களில் ஓடுவதால், இறங்கும் இரத்தம் தன் வெப்பத்தை ஏறும் இரத்தத்துக்குக் கொடுத்துவிடுகிறது. பாதத்துக்குப் போவது ஏற்கெனவே குளிர்ந்த இரத்தம், அதனால் இழப்பதற்கு அதிகம் இல்லை. சிறு பறவைகள் உருண்டையாக உப்பியிருப்பது கொழுத்ததால் அல்ல. இறகுகளுக்கு இடையே காற்றைச் சிறைப்பிடித்து வைத்திருக்கின்றன. நாம் ஒரே தடித்த அங்கிக்குப் பதிலாகப் பல மெல்லிய அடுக்குகளை அணிவதும் அதே காற்றுக்காகத்தான்.

நண்பகல்

கிளைநோக்கி அவர்களின் திருத்தத்தை ஏற்கிறேன். காலையில் வாசற்படி, நண்பகலில் ஏரிக்கரை என்று வைத்துக்கொண்டால் இரண்டும் மோதவில்லை. ஆனால் மாமியாரை அந்த நேரத்தில் படியில் உட்கார வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. உறைபனி படிந்த படி வழுக்கும். சன்னலோரம் ஒரு நாற்காலி போதும், இலையை உள்ளே கொண்டுவந்து காட்டலாம்.

வீட்டுக்கணக்கு

உள்ளே கொண்டுவரும் இலை உருகிச் சொட்டும். ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவரும்படி, எடுத்து வருபவரிடமே சொல்லுங்கள்.

ஓலைப்பெட்டி

பிற்பகலைப் பற்றி யாரும் எழுதவில்லையே. நடந்து களைத்து வந்தவர்களுக்கு மூன்று மணிக்கு மேல் இருட்டத் தொடங்கும் ஊரில் நெடும்பொழுது மீதம் இருக்கும். அங்கேதான் அந்திமாலை அவர்களின் கணவர் அஞ்சும் திரைகள் உள்ளே நுழைகின்றன. நான் திரைக்குப் பகைவன் அல்ல. ஆனால் ஒன்றை எடுத்து வை என்று சொல்வதைவிட, வேறொன்றை மேசையில் விரித்து வைத்துவிட்டு எதுவும் சொல்லாமல் இருப்பது பயன் தருகிறது. எங்கள் வீட்டில் அது பெரிய படத்துண்டுப் புதிர். 1760களில் லண்டனில் வரைபடம் செதுக்கும் தொழில் செய்த ஜான் ஸ்பில்ஸ்பரி, பிள்ளைகளுக்குப் புவியியல் கற்பிப்பதற்காக நாடுகளின் எல்லையோரமாக மரப்பலகையை அறுத்து விற்றதிலிருந்து தொடங்கிய விளையாட்டு அது.

அதன் சிறப்பு என்னவென்றால், யாரும் முழுநேரமும் உட்கார வேண்டியதில்லை. கடந்து போகிறவர் ஒரு துண்டைப் பொருத்திவிட்டுப் போகலாம். பார்வை மங்கியவர்கள் ஓரத் துண்டுகளை விரலால் தடவியே பிரித்துவிடுவார்கள், ஏனென்றால் ஒரு பக்கம் நேராக இருக்கும். எதிரெதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசத் தயங்கும் பதின்ம வயதுப் பிள்ளைகள், கையும் கண்ணும் வேறிடத்தில் இருக்கும்போது தாமாகவே பேசத் தொடங்குகிறார்கள். பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே நடந்த மிக நீண்ட உரையாடலை நான் கேட்டது ஒரு நீலவானப் பகுதியைச் சேர்க்கும்போதுதான். வானம் முழுக்க ஒரே நிறம் என்பதால் நேரமும் நிறையக் கிடைத்தது. தோற்பவர் இல்லாத விளையாட்டாகப் பார்த்து எடுங்கள். தாயக்கட்டையோ சீட்டோ எடுத்தால் எட்டு வயதுக்கும் பதினாறு வயதுக்கும் சண்டை மூளும், அமைதியான நாள் என்ற பேச்சே அடிபட்டுப் போகும்.

ஆதிரை வானம்

குளிர்காலத்தின் நீண்ட இரவை இருட்டு என்று சொல்லி ஒதுக்கிவிடாதீர்கள். பிள்ளைகள் உறங்கப் போகும் நேரத்துக்கு முன்பே முழு இருள் கிடைப்பது இந்தப் பருவத்தில்தான். கோடையில் அதற்காக அவர்களை விழித்திருக்கச் செய்ய வேண்டியிருக்கும்.

டிசம்பர் இறுதியில் இரவு எட்டு மணிக்குள் ஓரியன் விண்மீன் கூட்டம் கிழக்குப் பக்கம் நன்றாக மேலெழுந்துவிடும். நேர்க்கோட்டில் நெருங்கி நிற்கும் மூன்று விண்மீன்களைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றவை எளிது. அவற்றின் ஒரு பக்கம் சிவந்து தெரிவது திருவாதிரை, மறுபக்கம் நீலவெண்மையாகத் தெரிவது ரைஜல். அந்த மூன்றின் கோட்டை ஒரு திசையில் நீட்டினால் இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீனான சிரியஸுக்கும், எதிர்த்திசையில் நீட்டினால் ரோகிணிக்கும் அதைத் தாண்டிக் கார்த்திகைக்கும் போய்ச் சேரலாம். சிரியஸ் நம்மிடமிருந்து 8.6 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. எட்டு வயதாகும் உங்கள் மகளின் கண்ணில் அன்றிரவு விழப்போகும் ஒளி, அவள் பிறந்த சமயத்தை ஒட்டி அங்கிருந்து கிளம்பியது. இதை அவளிடம் சொல்லும் பொறுப்பைப் பாட்டியிடம் கொடுங்கள்.

கண் இருளுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒருவர் கைப்பேசியை எடுத்துப் பார்த்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். குளிரில் அவ்வளவு நேரம் நிற்க வேண்டாம். வீட்டுக்குள்ளேயே விளக்குகளை அணைத்துக் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் பிறகு வெளியே போங்கள். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்து இந்த இழையைப் படிப்பவர்களுக்குக் குளிர்காலம் ஜூனில் வருகிறது; அவர்கள் தலைக்கு மேலே விருச்சிகத்தையும் அதன் நடுவே சிவந்த கேட்டையையும் தேட வேண்டும்.

அந்திமாலை

எல்லோருக்கும் நன்றி. நாளின் வடிவம் ஓரளவு கிடைத்துவிட்டது. காலையில் வாசலில் பனி பார்க்கும் பொறுப்பு மகளுக்கும் அவள் அப்பாவுக்கும். நான் எழுந்திருக்க மாட்டேன் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டேன். பதினொன்றுக்கு ஏரிக்கரை, நடை முடியும் இடத்தில் நூலகம் இருப்பதால், அத்தை அங்கே எங்களுக்கு முன்பே போய் உட்கார்ந்திருப்பார்கள். பிற்பகலில் புதிர், இரவில் வானம். காலணி உலர்த்தும் வேலையைக் கொழுந்தனார் மகன் ஏற்றிருக்கிறான். ஃபிளாஸ்க் செய்தியைக் கேட்டுவிட்டு, தம்பி17 சொன்னதுபோலவே முகத்தை வைத்துக்கொண்டான்.

ஒரே ஒரு கேள்வி மீதமிருக்கிறது. அன்று வானம் மூடியிருந்தாலோ மழை தூறினாலோ என்ன செய்வது? எல்லாமே தெளிந்த வானத்தை நம்பி இருக்கிறதே.

நண்பகல்

மூடிய வானத்துக்கும் ஒரு நன்மை உண்டு. தரையிலிருந்து வெளியேறும் வெப்பத்தை மேகம் திருப்பி அனுப்புவதால் அப்படிப்பட்ட இரவு அவ்வளவாகக் குளிராது. காலைக்கும் மதியத்துக்கும் வெப்ப வேறுபாடும் குறைவு. பனியும் விண்மீனும் கிடைக்காது, ஆனால் கிளம்பும் நேரத்தைப் பற்றி நான் சொன்ன கண்டிப்பு அன்று தேவையில்லை. குழந்தை தூங்கி எழும் நேரத்துக்கு ஏற்ப எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

தூறல் அப்படியல்ல. நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த பருத்தி உடலோடு ஒட்டிக்கொண்டு அந்த வேலையைச் செய்துகொண்டே இருக்கும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு காக்கும். மேலே நீர் புகாத ஓர் அங்கி, உள்ளே கம்பளி, பைக்குள் ஆளுக்கொரு மாற்றுக் காலுறை என்றிருந்தால் பெரியவர்களும் மகளும் அரை மணி நேரம் தாராளமாக நடக்கலாம். காற்றும் சேர்ந்து அடித்தால் நடையை விட்டுவிட்டு நேராக நூலகத்துக்குப் போய்விடுங்கள். உங்கள் அத்தை எப்படியும் அங்கேதானே இருக்கப்போகிறார்.

வீட்டுக்கணக்கு

மாற்றுக் காலுறையை யார் எடுத்து வைப்பது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.